கம்பெனிக்குக் கால் இருக்கா?

சொந்தக் கம்பெனி வைத்திருப்பவனை முதலாளி என்று நினைப்பவர்கள், சொந்தக் கம்பெனி வைக்காதவர்கள். தான் அங்கே பார்ப்பது குமாஸ்தா வேலைதான் என்பது வைத்தவனுக்குத் தெரியும். அந்தக் குமாஸ்தா வேலையையும் நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை.

2022-ல் கோயமுத்தூரில் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியைப் பதிவு செய்தேன். மோட்டார் பம்பு தயாரிப்பவர்களுக்குக் கம்ப்யூட்டரில் டிராயிங் போட்டுக் கொடுக்கும் தொழில். குறைந்தது இரண்டு டைரக்டர்கள் வேண்டும் என்பது சட்டம். நான் ஒருவன், என் மனைவி இன்னொருவர். முதல் போர்டு மீட்டிங் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நடந்தது. தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "ஏங்க, இதுல எனக்கு ஜெயிலு கியிலு வருமா?" என்று கேட்டார் சக டைரக்டர். பதில் தெரியாததால் சிரித்து வைத்தேன்.

ஆடிட்டர் முன்கூட்டியே சொன்னார். "தனியாளா ஆரம்பிங்க சார். இல்லீன்னா எல்எல்பி போகலாம், சின்னதா இருக்கிற வரைக்கும் ஆடிட் தேவையில்ல. பிரைவேட் லிமிடெட்னா ஒத்த ரூபாய்க்கு வியாபாரம் நடக்கலைன்னாலும் வருஷா வருஷம் ஆடிட் பண்ணியே தீரோணும்." ஆடிட்டரே ஆடிட் வேண்டாம் என்கிறாரே, மனுஷனுக்குத் தொழில் தெரியாதோ என்று சந்தேகப்பட்டேன். எனக்கு விசிட்டிங் கார்டில் பெயருக்குக் கீழே 'பிரைவேட் லிமிடெட்' வேண்டும். அடித்தேன். கார்டு கட்டு இன்னும் பிரிக்காமல் டிராயரில் கிடக்கிறது.

முதல் பில் ஒரு லட்ச ரூபாய்க்கு. அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்து 1,18,000. அக்கவுண்டுக்கு வந்து சேர்ந்ததோ 1,08,000. பத்தாயிரம் ரூபாயை முழுங்கிவிட்டார்கள் என்று கொதித்துப் போய் போன் செய்தேன். "சார், டிடிஎஸ் சார்" என்றார் அக்கவுண்ட்ஸில் இருந்த பெண். "பத்து பர்சென்ட் பிடிச்சு உங்க பேர்ல கட்டிட்டோம். 26ஏஎஸ்-ல பாருங்க." 26ஏஎஸ் என்பது காந்திபுரம் போகும் டவுன் பஸ் மாதிரி ஒலித்தது. "தெரியும்மா, செக் பண்ணத்தான் கேட்டேன்" என்று வைத்துவிட்டேன்.

வந்த 1,08,000-ல் 18,000 என்னுடையதில்லை. அது சர்க்காருடையது, என் கையில் சில நாள் தங்கிப் போக வந்திருக்கிறது. இந்த உண்மை அடுத்த மாதம் 20-ஆம் தேதி, 3பி ரிட்டர்ன் போடும்போது தெரிந்தது. அதற்குள் அந்தப் பணம் ஆபீஸுக்கு ஒரு ஏசியாக மாறிவிட்டிருந்தது. கொதிப்பு அடங்க அதன் அடியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாவது பில் இன்னும் மேல். வேலையை முடித்தேன், பில் போட்டேன், பணம் வரவில்லை. பணம் வராததால் ஜிஎஸ்டியும் கட்ட வேண்டியதில்லை என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். சேவைக்குப் பில் போட்டால் போட்ட மாதக் கணக்கிலேயே வரி வந்துவிடும், வாடிக்கையாளர் கொடுத்தாரா இல்லையா என்பது அவருக்கும் எனக்கும் உள்ள குடும்ப விவகாரம் என்றது சட்டம். ஆக, கண்ணில் காணாத பணத்துக்குக் கையிலிருந்து வரி கட்டினேன். தாமதத்துக்கு வருஷம் 18 சதவீத வட்டி தனி.

இதற்கு வைத்தியம் இல்லாமல் இல்லை. சிறு தொழிலாக உத்யம் பதிவு வைத்திருப்பவனுக்கு, ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாகக் கேட்கலாம். 2024 ஏப்ரலில் இருந்து வருமான வரிக் கணக்கிலும் பிடி வைத்தார்கள்: கெடு தாண்டினால், கொடுத்து முடிக்கும் வரை வாடிக்கையாளர் அந்தத் தொகையைச் செலவாகக் காட்ட முடியாது. எல்லாவற்றையும் அச்செடுத்து, மஞ்சள் மார்க்கர் போட்டு, ஃபைலில் வைத்திருக்கிறேன். வாடிக்கையாளரிடம் காட்டத்தான் தைரியமில்லை. அடுத்த ஆர்டரையும் அவர்தானே தரணும்?

அடுத்து ஒரு மாதம் வேலையே இல்லை. பில் இல்லை, வரி இல்லை, ஆகவே ரிட்டர்னும் இல்லை என்று நிம்மதியாக இருந்தேன். சும்மா இருந்ததையும் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். நில் ரிட்டர்ன் போடாவிட்டால் நாளைக்கு 20 ரூபாய் லேட் ஃபீ. வேலை செய்யாததற்குச் சம்பளம் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன், அபராதம் கட்டியது நானாகத்தான் இருப்பேன்.

கம்பெனி பதிவானபோது பான் நம்பரோடு டான் என்று இன்னொரு நம்பரும் வந்தது. அது எதற்கு என்று நான் கேட்கவில்லை. சும்மா வருகிற பொருளை யார் விசாரிப்பார்கள்? அது மற்றவர்களுக்குக் கொடுக்கும் பணத்தில் நான் டிடிஎஸ் பிடித்துக் கட்டுவதற்காக வந்த நம்பர். என்னிடம் பத்து சதவீதம் பிடித்தபோது கொதித்தவனுக்கு, நானும் பிறரிடம் பிடிக்க வேண்டும் என்பது உறைக்கவே இல்லை.

ஆபீஸ் வாடகை மாதம் 22,000. வருஷத்துக்கு 2,64,000. அப்போது வருஷ வாடகை 2,40,000-ஐத் தாண்டினால் பத்து சதவீதம் பிடித்து, அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். நான் மாதாமாதம் முழு வாடகையையும், ஒரு நாள்கூடத் தவறாமல், பெருமையாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் நான் நேரத்துக்குக் கட்டிய ஒரே தொகை அதுதான், அதுவும் தப்பான தொகை.

கட்டட உரிமையாளர் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். "வாடகையை ஏத்தோணும்னு நானே உங்களக் கூப்புடலாம்னு இருந்தனுங்க தம்பி. நீங்க கழிக்கோணும்னு வந்து நிக்கறீங்க." பிடித்த வரி உங்கள் பான் கணக்கில் சேரும், ரிட்டர்ன் போட்டால் ரீஃபண்டு வரும் என்று விளக்கினேன். "அப்ப நீங்களே கட்டி நீங்களே வாங்கிக்கங்க" என்றார். நாற்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவரிடம் நான் சதவீதம் பேசியிருக்கக் கூடாது.

விட்டுப்போன மாதங்களுக்கெல்லாம் 2,200 ரூபாய் வீதம் என் கையிலிருந்து கட்டினேன், மாதம் ஒரு சதவீத வட்டியோடு. அதோடு காலாண்டு ஸ்டேட்மென்ட் போடாததற்கு நாளைக்கு 200 ரூபாய். அந்த லேட் ஃபீ, பிடித்த வரித் தொகையைத் தாண்டக் கூடாது என்று சட்டத்தில் ஒரு கருணை வைத்திருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு 6,600 வரி என்றால் 33 நாளில் உச்சவரம்பு வந்துவிடும். அந்தக் கருணையை நான் ஒரு பைசா மிச்சம் வைக்காமல் அனுபவித்தேன்.

ஹெட்மாஸ்டருக்கு, அவர் இழக்காத பணத்துக்கு ரீஃபண்டு வந்தது. தீபாவளிக்கு ஒரு பொட்டலம் முறுக்கு கொடுத்தார். நன்றாகத்தான் இருந்தது.

2024 அக்டோபர் 10 முதல் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. கட்டட உரிமையாளர் ஜிஎஸ்டி பதிவு இல்லாதவராக இருந்து, வாடகைக்கு இருப்பவன் பதிவு உள்ளவனாக இருந்தால், வாடகைக்கான 18 சதவீதத்தை இருப்பவனே கட்ட வேண்டும். இதைப் பற்றி ஹெட்மாஸ்டரிடம் நான் மூச்சு விடவில்லை. இன்னொரு பொட்டலம் முறுக்குக்கு எனக்கு வசதி போதாது.

ஆடிட்டர் ஃபீஸிலும் டிடிஎஸ் பிடிக்காமல் முழுசாகக் கொடுத்திருந்தேன். அதையும் அவரேதான் கண்டுபிடித்தார். தன் சம்பளத்தைத் தானே குறைத்துக்கொண்ட மனிதரை முதல் முறையாகப் பார்த்தேன். அடுத்த வருஷம் ஃபீஸை ஏற்றிவிட்டார்.

இனி, தலைப்பில் இருக்கும் விஷயம். கம்பெனி டெபிட் கார்டு என் பர்ஸில்தான் இருந்தது. கம்பெனி என்னுடையது, கார்டு என்னுடையது, ஆகவே பணமும் என்னுடையது என்று நம்பினேன். மளிகை, பெட்ரோல், அம்மாவின் கண்புரை ஆபரேஷனுக்கு அட்வான்ஸ், எல்லாம் அதில்தான். சம்பளம் என்று தனியாக எதுவும் எடுக்கவில்லை என்பதால், நான் ஒரு தியாகி என்றுகூட உள்ளுக்குள் நினைப்பு.

வருஷக் கடைசியில் ஆடிட்டர் பேங்க் ஸ்டேட்மென்ட்டைப் பேனா முனையால் மேய்ந்துகொண்டே வந்தார்.

"இந்த 1,350 என்னதுங்க?"

"பையனுக்கு ஸ்கூல் ஷூங்க சார்."

"கம்பெனிக்குக் கால் இருக்கா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

"உங்களை மாதிரியே ஒருத்தர் லண்டன்ல இருந்தார்" என்று ஆரம்பித்தார். ஏரன் சாலமன். பூட்ஸ் செய்கிற வியாபாரி. 1892-ல் தன் தொழிலைக் கம்பெனியாக மாற்றினார். மனைவி, மகள், நான்கு மகன்கள் ஆளுக்கு ஒரு பங்கு, மீதி 20,001 பங்கு அவருக்கு. கம்பெனி சீக்கிரமே நொடித்தது. கம்பெனி என்பதே அவர்தான், ஆகவே கடனை அவர்தான் தீர்க்க வேண்டும் என்று வழக்கு. கீழ்க் கோர்ட்டுகள் அவருக்கு எதிராகச் சொல்லிவிட, 1896-ல் பிரபுக்கள் சபை தீர்ப்பை மாற்றியது: கம்பெனி வேறு ஆள், சாலமன் வேறு ஆள். உலகத்தில் கம்பெனிச் சட்டம் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் இந்த வழக்கைப் படித்துத்தான் பாஸாகிறார்கள். சாலமனைக் காப்பாற்றிய அதே தீர்ப்பு, ஷூ வாங்கிய என்னை மாட்டிவிட்டது.

அதாவது, என் கம்பெனி எனக்கு அந்நியர். அந்நியர் பணத்தில் நான் மளிகை வாங்கியிருக்கிறேன். சம்பளம் என்றால் போர்டு தீர்மானம் எங்கே, பிடித்த வரி எங்கே? கடன் என்றால் டைரக்டருக்குக் கம்பெனி கடன் கொடுப்பதைக் கம்பெனிச் சட்டம் பொதுவாக ஆகாது என்கிறது. பத்து சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருப்பவருக்குக் கடன் கொடுத்தால், லாபம் இருக்கும் அளவுக்கு அதை டிவிடெண்டாகவே பாவித்து வரி போடலாம் என்கிறது வருமான வரிச் சட்டம். அவசரமாக மனைவியின் வைப்புத்தொகையை உடைத்துக் கம்பெனிக்குத் திருப்பிக் கட்டினேன். சக டைரக்டர் அன்று மீட்டிங்கில் பேசியதை மினிட்ஸ் புத்தகத்தில் எழுத முடியாது.

தலைகீழாகவும் தப்பு செய்திருந்தேன். கம்ப்யூட்டர், மேஜை, நாற்காலி எல்லாவற்றையும் கடைக்காரரிடம் என் பெயரைச் சொல்லியே பில் வாங்கியிருந்தேன். பில்லில் கம்பெனியின் ஜிஎஸ்டி நம்பர் இல்லாததால், கட்டிய வரியை வரவு வைத்துக்கொள்ள வழியில்லை. 60,000 ரூபாய்க் கம்ப்யூட்டரில் மட்டும் 10,800 போச்சு. கம்பெனி பணத்தில் என் ஷூவும், என் பெயரில் கம்பெனியின் நாற்காலியும் ஆக மொத்தம் ஒரு சமத்துவம்.

வருமான வரியிலும் எனக்குச் சொந்தமாக ஒரு சித்தாந்தம் இருந்தது. முதல் வருஷ லாபம் 3 லட்சம். ஐந்து லட்சம் வரை எனக்கே வரி வராத காலம் அது, என் கம்பெனிக்கு மட்டும் எப்படி வரும்? கம்பெனிக்கு அடிப்படை விலக்கு என்று ஒன்றும் கிடையாது, முதல் ரூபாயிலிருந்தே வரி. சாதாரணக் கணக்கில் செஸ் சேர்த்து 26 சதவீதம், 78,000 ரூபாய். சலுகை விகிதத்தைத் தேர்ந்தெடுத்தால் 25.168 சதவீதம், 75,504. இரவெல்லாம் சட்டம் படித்து நான் கண்டுபிடித்த மிச்சம் 2,496 ரூபாய். அதற்கும் கெடுவுக்குள் 10-ஐசி என்ற படிவம் போட வேண்டியிருந்தது. மறந்துவிட்டேன்.

கம்பெனி பதிவாளருக்கு ஆண்டுக் கணக்கும் ஆண்டறிக்கையும் தனித்தனியாகப் போட வேண்டும் என்பதையும், தாமதமானால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளைக்கு நூறு ரூபாய், அதற்கு உச்சவரம்பு எதுவும் இல்லை என்பதையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். கடைசி நாள் ராத்திரி டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைச் செருகி, பாஸ்வேர்டைத் தப்புத் தப்பாக அடித்து லாக் செய்தவன் நான். பாஸ்வேர்டு எழுதி ஒட்டியிருந்தது அந்த டோக்கனின் பின்பக்கம்.

இரண்டாவது வருஷம் திருந்தினேன். அட்வான்ஸ் டாக்ஸ் கெடுக்கள் ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15. காலண்டரில் சிவப்பு வட்டம் போட்டு, செப்டம்பரில் ஒரு வாரம் முன்னதாகவே 30,000 ரூபாயைக் கம்பெனி அக்கவுண்டிலிருந்து கட்டினேன். ஓடிபி வந்தது, சலான் வந்தது, ஆடிட்டருக்கு வாட்ஸப்பில் 'டன்' என்று அனுப்பினேன். சலானை மட்டும் அனுப்பவில்லை.

அடுத்த ஜூலையில் என் சொந்த ரிட்டர்னை நானே போட்டேன். திரையில் எனக்கு 30,000 ரூபாய் ரீஃபண்டு காட்டியது. காரணம் தெரியவில்லை. வருகிற லட்சுமியைக் காரணம் கேட்டு வாசலில் நிறுத்துவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. வட்டியோடு வந்தது. வாஷிங் மெஷின் வாங்கினோம்.

ஆடிட்டர் கூப்பிட்டார். "சார், கம்பெனி 30,000 அட்வான்ஸ் டாக்ஸ் கட்டினதா டேலில என்ட்ரி இருக்கு. டிபார்ட்மென்ட் கணக்குல இல்லையே. எங்க போச்சு?"

கம்பெனியின் பான் கேட்ட இடத்தில் பழக்க தோஷத்தில் என் பானை அடித்திருக்கிறேன் என்பது அப்போதுதான் விளங்கியது. "வீட்ல துணி துவைச்சிட்டு இருக்குங்க சார்" என்றேன்.

கணக்கு இப்படி முடிந்தது. கம்பெனி வரி கட்டவில்லை, ஆகவே கம்பெனியிடம் மாதம் ஒரு சதவீதம் வட்டி வாங்கினார்கள். நான் அதிகமாகக் கட்டிவிட்டேன், ஆகவே எனக்கு மாதம் அரை சதவீதம் வட்டி கொடுத்தார்கள். அந்த அரை சதவீதம் என் வருமானம், ஆகவே அதற்கும் வரி. கம்பெனி பணத்தில் என் வரியைக் கட்டியதால் டைரக்டர் கடன் என்ற பழைய பேய் வேறு மறுபடி எழுந்தது. ஒரே கிளிக்கில் இத்தனையும் செய்ய ஒரு திறமை வேண்டும்.

மனம் வெறுத்து ஒரு நாள் ஆடிட்டரிடம் கேட்டேன், எனக்கு ஏன் இவ்வளவு சோதனை என்று. "நீங்க இன்ஜினியர்தானே சார்? தனியாளா இருந்திருந்தா வருஷ வரவு 50 லட்சம் வரைக்கும், பாதியை லாபம்னு காட்டி வரி கட்டிட்டுப் போயிருக்கலாம். கணக்குப் புத்தகமே வேண்டாம். ரொக்கம் அஞ்சு சதவீதத்துக்குள்ள இருந்தா 75 லட்சம் வரைக்கும்கூட இப்ப உண்டு. கம்பெனிக்கு அது கிடையாது." முதலிலேயே அழுத்திச் சொல்லியிருக்கக் கூடாதா என்றேன். "சொன்னனுங்களே. கார்டு அடிச்சாச்சுன்னு நீங்கதான் சொன்னீங்க."

சரி, மூடிவிடலாமா? மூடலாம். பாக்கி ரிட்டர்ன்கள் எல்லாம் போட்டு முடித்தபிறகு, விண்ணப்பத்துக்கு 10,000 ரூபாய் கட்டினால் மூடலாம். ரிட்டர்ன்கள் எல்லாவற்றையும் ஒழுங்காகப் போடத் தெரிந்தவன் எதற்கு மூடப் போகிறான்?

இதற்கிடையில் 194ஜே, 194ஐ, 234பி என்று பிரிவு எண்களை எல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் அளவுக்கு மனப்பாடம் செய்து முடித்தேன். கல்யாண வீடுகளில் தெரியாதவர்களுக்கு ஆலோசனை சொல்லவும் தொடங்கியிருந்தேன். 2025-ல் புது வருமான வரிச் சட்டம் நிறைவேறி, 2026 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்தது. 1961-ஆம் வருஷச் சட்டம் விடைபெற்றது. சம்பளம் தவிர்த்த டிடிஎஸ் எல்லாம் 393 என்ற ஒரே பிரிவுக்குள் போய்விட்டது. அசெஸ்மென்ட் இயர் என்ற குழப்பமும் ஒழிந்து வெறும் வரி ஆண்டு ஆகிவிட்டது. மறுபடி நான் ஒன்றாம் கிளாஸ். இந்தத் தடவை எல்லாரும் என்னோடு சேர்ந்து ஒன்றாம் கிளாஸ் என்பதில் ஒரு அல்ப சந்தோஷம்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது சமீபத்தில் கம்பெனி ஆரம்பித்திருந்தால் ஒரு வேண்டுகோள். பணம் கட்டும் பட்டனை அழுத்துவதற்கு முன்னால், அடித்த பான் நம்பரின் நாலாவது எழுத்தை ஒரு தடவை பாருங்கள். 'சி' என்று இருந்தால் அது கம்பெனி. 'பி' என்று இருந்தால் அது நீங்கள்.